இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு

சிவபாதம் அளவு நாடாவின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். மறுமுனையில் நான் முழங்காலிட்டு அளவைப் படித்தேன். படித்ததை அவர் திருப்பிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டே மூன்றாம் முறை சொன்னேன். வாயிலிருந்து வந்த ஆவி கண்ணாடியில் படிந்தது. காலை எட்டரை இருக்கும். காத்திருப்புக் கூடத்தின் கோடியில், சிற்றுண்டிக் கடையின் பரிமாறும் பலகைக்குப் பின்னால், திருமதி லென்ஸ் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுவரை நாங்கள் அளப்பது மூன்றாவது நாள். அன்றும் கணக்கில் அதே எண் வந்தது. இரண்டு மீட்டர் எண்பத்தாறு. அது சுவரின் நீளம் அல்ல, தடிமன்.

"ஐசே, இது ஸ்டேஷனோ கோட்டையோ?" என்றார் சிவபாதம்.

கோப்பை துடைக்கும் சத்தம் நின்றது. திருமதி லென்ஸ் தலையைத் தூக்காமலே, அங்கே எவ்வளவு வருகிறது என்று கேட்டார். சொன்னேன். துடைத்து வைத்த கோப்பையை மறுபடி எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

இந்தக் காட்சியில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. திருவெறும்பூரிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். கிழக்கு ஜெர்மனியில் மூன்று வருடம் இருந்ததைப் பற்றி விடுதிச் சமையல், பனி, சைக்கிள் என்று எல்லாம் எழுதிவிட்டு, ஏன் சான்றிதழ் இல்லாமல் திரும்பினேன் என்பதை மட்டும் எழுதாமல் நழுவுகிறேனாம். "தேறவில்லை என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்.

வெட்கம் இல்லை ஐயா. தேறாமலும் இல்லை. நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒற்றைத் தண்டவாளம்

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த நாடே இப்போது இல்லை என்றாலும் ஊரும் ஆட்களும் இருக்கிறார்கள். பெர்லினுக்கு வடக்கே, பைன் மரமும் மணலுமான இடம் என்று சொன்னால் போதும். எழுபதுகளின் தொடக்கம்.

ரயிலிலிருந்து இறங்குகிறவர் முதலில் பார்ப்பது இரண்டு நடைமேடைகள். ஆனால் தண்டவாளம் ஒன்றுதான். இரண்டாவது நடைமேடைக்கு முன்னால் வெறும் சரளைக் கல்லும், அதில் முளைத்த புதர்களும். போர் முடிந்ததும் இரண்டாவது பாதையைக் கழற்றி, நட்ட ஈடாக, ரயிலிலேயே ஏற்றி சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கழற்றின பாதையைக் கழற்றாத பாதை சுமந்து போயிருக்கிறது. அதை அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பழக்கத்தில் இரண்டு நடைமேடையிலும் நின்றிருப்பார்கள், அவ்வளவுதான்.

பழைய நிலையம் போரில் எரிந்தது. இப்போதுள்ளது ஐம்பதுகளின் தொடக்கத்தில் எழுந்தது. முகப்பில் நான்கு தூண்கள், நெற்றியில் ஒரு நட்சத்திரம். பக்கத்துக் காட்டில் சோவியத் படை முகாம் இருந்ததால் காத்திருப்புக் கூடங்கள் இரண்டு. ஒன்று ஊர்க்காரர்களுக்கு. இன்னொன்று படைக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும். அதற்குத் தனி வாசல், தனிப் பயணச்சீட்டு ஜன்னல், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் பித்தளைச் சமோவார். இரு கூடத்துக்கும் இடையில் ஒரு சுவர். அந்தச் சுவரில் கதவு கிடையாது.

கதவு இல்லை என்பதுதான் விஷயம். கதவோ ஜன்னலோ உள்ள சுவரின் தடிமனை நேரே அளந்துவிடலாம். எதுவும் இல்லாத சுவருக்குக் கணக்குத்தான் வழி. வெளி நீளத்திலிருந்து உள் நீளங்களையும் மற்றச் சுவர்களையும் கழித்தால் மிஞ்சுவது அது.

வெளி நீளம் நாற்பத்தெட்டு மீட்டர் அறுபது. உள்ளே கூட்டினால் நாற்பத்தைந்து மீட்டர் எழுபத்துநாலு. மிச்சம் இரண்டு எண்பத்தாறு. நியாயமாக அங்கே இருக்க வேண்டியது இருபத்துநாலு சென்டிமீட்டர்ச் செங்கல் சுவர்.

மூன்று முறை சொன்னால்தான் அளவு

நாங்கள் அங்கே போனது பயிற்சிக்காக. படிப்பின் கடைசி வருடத்தில் ஆறு மாதம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து, அதன் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் இல்லை. ரயில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகம் எனக்கும் சிவபாதத்துக்கும் கிடைத்தது. கரி அடுப்புகளை எடுத்துவிட்டு வெந்நீர்க் குழாய் போடுவதற்காக, அந்த நிலையத்தை உள்ளபடி அளந்து வரைய அனுப்பினார்கள். கட்டிய காலத்து வரைபடம் வெறும் பொது மாதிரிதான். பத்து ஊருக்கு ஒரே தாள்.

சிவபாதம் பருத்தித்துறைக்காரர். நான் பொன்மலை. அங்கே ரயில் பட்டறையில் இருந்த ஒரு வருடத்தில் நான் கற்றது, படிப்பவர் சொல்ல, பிடிப்பவர் திருப்பிச் சொல்ல, எழுதுபவர் மறுபடி சொல்ல வேண்டும் என்பது. மூன்று வாயும் ஒத்துப்போனால்தான் அளவு. நாங்கள் இரண்டு பேர் என்பதால் எனக்கு இரண்டு வாய்.

எண்களைத் தமிழில்தான் சொல்லிக்கொள்வோம். ஜெர்மனியர் முப்பத்தேழை 'ஏழும் முப்பதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். முதல் வருடத்தில் அதைக் கேட்டபடி எழுதி, எழுபத்துமூன்று சென்டிமீட்டரில் ஒரு படிக்கட்டு வரைந்து, வகுப்பே சிரித்திருக்கிறது. சிவபாதம் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலை இடுப்பு வரை தூக்கி ஏறிக் காட்டுவார். அன்றிலிருந்து நாடா கையில் இருந்தால் தமிழ் மட்டும்தான்.

கரி வாளி

மறுநாள் சிவபாதம் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். ஓரத்தில் கெட்டியாகக் கேட்டது. நடுவிலும் கெட்டியாகத்தான் கேட்டது. செங்கல் சுவர் ஒன்றும் பறைபோல அதிராது. கண்ணால் பார்க்க ஓர் அடையாளம் மட்டும் இருந்தது. நடைமேடைப் பக்கம் எல்லா ஜன்னலும் சம இடைவெளியில் இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் அகலமான வெறும் சுவர். அதன் மேல் கதவு உயரத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை. பலகையின் ஓரத்தில் பூச்சின் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரி வாளியோடு ஒருவர் வந்து நின்றார். அடுப்புகளுக்குக் கரி போடும் ஆள். இரண்டு வாரமாகத் தினமும் பார்க்கிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"உள்ளே இடது பக்கம் ஏழு தட்டு."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்தான் ஓட்டோ லென்ஸ், கோப்பை துடைக்கும் அம்மாளின் கணவர். மிச்சக் கதையை அந்த அம்மாள் இரண்டு ரயில்களுக்கு இடையில், கடையில் ஆள் இல்லாதபோது, துண்டு துண்டாகச் சொன்னார். நான் கேட்டு வாங்கியதில்லை.

நிலையம் கட்டும்போது மாதிரித் தாளில் பயணிகள் பெட்டி வைக்க இடமே இல்லை. ஊர்க் கொத்தனார்கள் இரு கூடத்துக்கும் நடுவில் தாங்களாகவே ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினார்கள். நடைமேடைப் பக்கம் கதவு. ஓட்டோ அங்கே பெட்டி வாங்கி வைக்கும் குமாஸ்தா. இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு முகாமின் ஓர் அதிகாரி வீட்டு டிரங்குப் பெட்டி ஒன்று காணாமல் போயிற்று. தாள் ஒன்றைக் காட்டி இரண்டு பேர் சாவியை வாங்கிப் போனார்கள், அதன் பிறகு அறையை நான் திறக்கவே இல்லை என்றார் ஓட்டோ. எந்த அறை என்று விசாரிக்க வந்தவர்கள் கேட்டார்கள். வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அதில் அறை இல்லை. விசாரணை முடிவதற்குள் கதவு இருந்த இடத்தில் செங்கல் ஏறிவிட்டது.

இல்லாத ஓர் அறையில் பெட்டி வாங்கி வைத்ததாகப் பொய் சொல்லித் திருடினார் என்று தீர்ப்பு. மூன்று வருடம் உள்ளே இருந்தார். திரும்பி வந்தவருக்கு அதே நிலையத்தில் கரி வாளி கொடுத்தார்கள்.

ஊரே அந்த அறையில் பெட்டி வைத்திருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் அந்த அறை நினைவில்லை.

"டிரங்குப் பெட்டியை விடுங்கள். அறை இருந்தது என்று ஒரு தாளில், யார் கையெழுத்தாவது போட்டு, இருந்தால் போதும். அவர் பொய் சொல்லவில்லை என்று ஆகும்" என்றார் அந்த அம்மாள். கையில் அதே கோப்பை.

பங்கிடும் முறை

அலுவலகத்தில் வரைபடத்தை மை போட்டு முடித்தேன். ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, அதன் மேல் ஒளி பாய்ச்சி, அமோனியா ஆவியில் பிரதி எடுப்பார்கள். அந்த நெடி இன்றும் எனக்கு எங்காவது வந்தால் அந்த மாடி நினைவுக்கு வரும். இரு கூடத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு இருபத்துநாலு சென்டிமீட்டராக இரண்டு சுவர் வரைந்தேன். இடையில் இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு. 'நுழைவழி இல்லை, கணக்கிட்ட அளவு' என்று எழுதினேன்.

அலுவலகத் தலைவரை ஹார்ட்விக் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. கெட்ட மனிதர் என்று என்னால் எழுத முடியாது. பென்சில்களை நீள வரிசையில் அடுக்கி வைப்பவர். என் வரைதலைப் பிறருக்கு எடுத்துக் காட்டியவர். தாளைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு, மிகப் பொறுமையாகப் பேசினார்.

அளவையில் கூட்டல் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று முதல் வருடமே படித்திருப்பாயே என்றார். மிஞ்சுகிற பிழையை எல்லா அளவுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். அதுதான் முறை. குறுக்குச் சுவர்கள் பன்னிரண்டு. சுவருக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் தீர்ந்தது. அந்தக் காலக் கட்டடம், சுவர் தடிமனாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"பிழையைப் பங்கிடலாம். அறையைப் பங்கிட முடியாது" என்றேன்.

இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருப்பாய், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டே என்று சிரித்தார். படிக்கட்டுக் கதை அவர் வரை போயிருக்கிறது. நாங்கள் தமிழில் அளந்தோம் என்றேன். இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். எத்தனை இடத்தில் மாறினாலும் மொத்தமும் வகுபடும். இருக்க வேண்டிய இருபத்துநாலு போக, இங்கே கூடுதலாக நிற்பது இருநூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர். ஒன்பதால் வகுத்துப் பாருங்கள் என்றேன். அவர் ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தாளில் வகுத்தே பார்த்தார். மிச்சம் ஒன்று. பென்சிலை அதன் இடத்திலேயே வைத்தார்.

அதன் பிறகு சிரிப்பு இல்லை. உன் பயிற்சித் தாளில் என் கையெழுத்து வேண்டும், ஒரு வாரம் தருகிறேன், அறையை அழித்துவிட்டுக் கொண்டுவா என்றார்.

நுனியைப் பிடித்தவர்

மாலை ரயிலில் சிவபாதத்திடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, ஹார்ட்விக் மேல் அல்ல.

"உமக்கென்ன விசரோ? மூண்டு வருசம் குளிருக்கை கிடந்து படிச்சனாங்கள். ஒரு கோடு. அதை அழிச்சா ஆருக்கு என்ன நட்டம்?"

"லென்ஸுக்கு."

"அந்தாளுக்கு நீர் என்ன மச்சானோ?"

"அளந்தது நானு. இருக்குற அறையை இல்லேன்னு எழுதுனா, அப்புறம் நான் அளக்குறது எதையும் நானே நம்ப மாட்டேன், சிவா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் அப்பா வீட்டை ஈடு வைத்து அனுப்பியிருந்தார். என் வீட்டில் ஈடு வைக்க எதுவும் இல்லை, அதனால் எனக்குத் துணிச்சல் சுலபம்.

நான்காம் நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மாடிக்குப் போனவர் மூன்றே காலுக்கு இறங்கி வந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, வாரும் தேத்தண்ணி குடிப்பம் என்றார்.

"நாடா வழுக்கினதெண்டு ஒரு கடிதம் எழுதித் தரட்டாம். எழுதித் தந்தா என்ரை தாளிலை உடனை கையெழுத்து."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"ஓம். நான் பிடிச்ச நுனி வழுக்காது எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

அவர் தேநீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார்.

"சரி ஐசே. ரெண்டு பேருக்கும் ஒரே கப்பல். நான் கொழும்பிலை இறங்குவன். நீர் மதராசு மட்டும் தனியப் போம்."

ஏழாம் நாள் அதே தாளை அப்படியே கொண்டுபோய் ஹார்ட்விக்கின் மேசையில் வைத்தேன். அவர் என்னிடம் சவரத் தகட்டை நீட்டினார். அந்தத் தாளில் மையை ரப்பரால் அழிக்க முடியாது, தகட்டால் சுரண்ட வேண்டும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசியில் அவரே குனிந்து சுரண்டினார். எவ்வளவு மெதுவாகச் சுரண்டினாலும் தாளின் மேல்தோல் போய்விடும். அந்த இடம் சொரசொரப்பாகி அழுக்கைப் பிடிக்கும். ஒளி அதன் வழியே ஒழுங்காகப் போகாது. பிரதி எடுத்தபோது சுவர்கள் எல்லாம் துல்லியமாக விழுந்தன. நடுவில் மட்டும் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அறையின் அளவுக்கு. இன்னொரு பிரதி எடுத்தார்கள். அதிலும் கறை. புதிதாக வரைய ஆள் இல்லை, நேரமும் இல்லை. அப்படியே கோப்பில் சேர்ந்தது. வரைந்தவர் பெயர் எழுதும் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

கடைப் பலகையில் ஒரு தாள்

பயிற்சி செல்லாது என்று மறுநாள் கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தில் முறையிட்டோம், மனு எழுதினோம், பதில் ஒரே வரியில் வந்தது. அந்த விவரங்களுக்கு நாட்குறிப்பில் பதினோரு பக்கம் இருக்கிறது. வாசகர்களைச் சோதிக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், விடுதி மேசையில் உட்கார்ந்து நானும் சிவபாதமும் ஒரு தாளில் அந்த அறையை மறுபடி வரைந்தோம். நீளம், அகலம், இரண்டு சுவர், மூடின கதவின் இடம். கீழே ஜெர்மனில் ஒரு வாக்கியம்: 'இந்த அறை இருக்கிறது.' அதன் கீழே இரண்டு பேரும் முழுப்பெயரைத் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சிவபாதம் தன் பெயருக்குப் பக்கத்தில் 'நுனியைப் பிடித்தவர்' என்று தமிழில் சேர்த்தார். அங்கே யாருக்கும் புரியப்போவதில்லை என்றேன். புரியாட்டியும் கிடக்கட்டும் என்றார்.

காலை ரயில் வரும் நேரம். கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒளித்துக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். பலகையின் மேல் தாளை விரித்து வைத்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பார்த்த வேகத்தில் வெளியே போய்விட்டார். ஒரு கிழவி மட்டும், என் பெட்டி மூன்றாம் தட்டில் இருக்கும், என்று சத்தமாகவே சொன்னார். திருமதி லென்ஸ் தாளை நான்காக மடித்துத் தேயிலைத் தகர டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். கணவரைக் கூப்பிடவில்லை. அவர் வாசலில் வாளியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தபால்

சிவபாதம் சொன்னபடி ஒரே கப்பலில் போகவில்லை. கொழும்புக்குப் போகாமல் மேற்கு ஜெர்மனிக்குப் போய், ஹம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அப்பாவின் வீட்டை அங்கிருந்து மீட்டார். நான் திருச்சிக்கு வந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். சான்றிதழ் கேட்டவர்களிடம் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. இன்றுவரை என் பெயருக்குப் பின்னால் எந்த எழுத்தும் கிடையாது. நான் அளந்த கட்டடம் எதிலும் மிச்சத்தைப் பங்கிட்டதும் கிடையாது.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஒரு நாள் திருமதி லென்ஸிடமிருந்து கடிதம் வந்தது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் நாடு அது. அதனால் அளந்துதான் எழுதியிருந்தார். தமிழில் தருகிறேன்.

'நிலையத்துக்கு வெந்நீர்க் குழாய் ஒரு வழியாக வந்துவிட்டது. ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்குத் துளைத்தார்கள். படத்தில் கறை உள்ள இடத்தில் துளைக்கருவி உள்ளே விழுந்துவிட்டது. சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. டிரங்குப் பெட்டி ஒன்றும் இல்லை. ஓட்டோ உங்கள் தாளை எடுத்துக்கொண்டு, வேலைக்காரர்களிடம் நாடா வாங்கி, உள்ளே போனார். இரண்டு மீட்டர் முப்பத்தொன்பது. இடது பக்கம் ஏழு தட்டு. ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவர் அன்று முழுவதும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் வழிவிட்டார். தட்டுகளுக்குப் பின்னால் சுவரைப் பூசவில்லை, அந்த ஒரு சென்டிமீட்டர் அதுதான் என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்.'

திருவெறும்பூர் வாசகருக்கு இதுதான் பதில். அந்தச் சுவருக்கு உள்பூச்சு இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டது தவறு. ஒரு சென்டிமீட்டர் பிழை. அதை யாருக்கும் பங்கிட வேண்டாம். என் பெயரிலேயே இருக்கட்டும்.